ரெண்டு மாட்டுக்கும் "ஸ்டெபைலோ"ன்னு ரிப்போர்ட் வந்திருக்கு, செவலைய வித்துரலாமா?

கேள்வி:

வணக்கம்ங்க டாக்டர். நாங்க கோபிச்செட்டிபாளையம் பக்கம், கட்டுத்தரைல 7 கறவை இருக்கு, சொசைட்டிக்குத்தான் பால் ஊத்தறோம். செவலை மாடு, சிந்து, மூணாவது ஈத்து. பின்னாடி இடது காம்புல மூணு மாசமா பால் திரிதிரியா வருது. காம்புக்குள்ள மருந்து டியூப் ஏத்துனா நாலு நாள்ல சரியாகுது, பத்து பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி அதே காம்புல அதேதான். வீக்கம் பெருசா இல்ல, காய்ச்சல் இல்ல, தீனி நல்லா எடுக்குது. கடைசியா டியூப் ஏத்துன மூணாம் நாள் எங்க வீட்டுக்காரர் நாலு காம்பு பாலையும் ஒரு வாட்டர் பாட்டில்ல பிடிச்சு லேப்ல குடுத்தார், "ஸ்டெபைலோகாக்கஸ் ஸ்பீசிஸ்"னு வந்திருக்கு, கூட மருந்து பேருக்கு நேரா எஸ், ஆர்னு ஒரு லிஸ்ட். தலையீத்து காரிக்கு ஒரு காம்புல பால் லேசா உப்பு கரிக்குது, அதுக்கு எங்க ஊர் டாக்டரே வந்து தனியா எடுத்துட்டுப் போனார், அதுல "கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெபைலோகாக்கஸ்"னு இருக்கு. ரெண்டும் ஒரே கிருமிதான, ஒரே மருந்து போட்டா ஆகாதா? மருந்துக்கடைல, ஸ்டெபைலோன்னா போகவே போகாது மாட்ட தள்ளி விட்டுருங்கன்னு சொல்றாங்க. இந்தப் பாலை வீட்டுல குடிக்கலாமா?

பதில்:

வணக்கம்ங்க அக்கா. செவலைய இந்த வாரம் சந்தைக்கு ஓட்டிராதீங்க, மொதல்ல அதச் சொல்லிடறேன். பின்னால கழிக்க வேண்டி வரலாம், அத நான் இல்லேங்கல. ஆனா இப்ப உங்க கைல இருக்கற ரிப்போர்ட்ட வெச்சு அந்த முடிவு எடுக்க முடியாது, ஏன்னா அந்த ரிப்போர்ட் பாதிலயே நின்னுருச்சு. "ஸ்டெபைலோகாக்கஸ் ஸ்பீசிஸ்"னு போட்டா ஸ்டெபைலோ குடும்பத்துல ஏதோ ஒண்ணு இருக்கு, எதுன்னு பிரிச்சுப் பாக்கலன்னுதான் அர்த்தம். மாட்டு மடில வர்ற ஸ்டெபைலோவே ஏகப்பட்ட வகை இருக்கு. அதுல ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ்னு ஒண்ணு, கடைக்காரர் "போகவே போகாது"ன்னு சொன்னாரே அது இந்த ஒண்ணுக்குத்தான் ஓரளவு பொருந்தும். மத்ததுங்க, குரோமோஜீன்ஸ், சிமுலன்ஸ், ஹீமோலிட்டிகஸ், எபிடெர்மிடிஸ், சைலோசஸ் இப்படிப் போகும், இதுல பெரும்பாலானது காம்புத் தோல்லயே குடியிருக்கறதுங்க, மடிக்குள்ள போனாலும் பெருசா ஆட்டம் போடாது.

அதனால ரெண்டும் ஒரே கிருமியான்னா, இல்லைங்க. காரியோட ரிப்போர்ட்தான் உண்மைல முழுசு, "கோயாகுலேஸ் நெகட்டிவ்"னு போட்டு அதுல "இது ஆரியஸ் இல்ல"ன்னு சொல்லியாச்சு. செவலைக்கு அந்தக் கேள்வியவே யாரும் கேக்கல. நீங்க சொல்ற அடையாளம், ஒரே காம்பு, காய்ச்சல் இல்ல, டியூப் போட்டா நிக்குது, விட்டா திரும்ப வருது, இதெல்லாம் பாத்தா எனக்கு ஆரியஸ் மேல சந்தேகம் வருது. ஆனா சந்தேகத்துக்கு மாட்ட விக்க முடியாதில்ல. அடையாளத்த வெச்சுக் கிருமி சொல்றது எங்களுக்கும் கஷ்டம், திடீர்னு காய்ச்சலோட பால் தண்ணியாட்டம் போனா ஈ.கோலைன்னு நினைப்போம், இப்படி நாள்பட்டு இழுத்தா ஆரியஸ்னு நினைப்போம், அதுக்கு மேல கல்ச்சர் பண்ணி, அதாவது லேப்ல கிருமிய வளர்த்துப் பாத்துத்தான் தெரியும்.

லேப்ல என்ன பண்றாங்கன்னு கொஞ்சம் சொல்றேன், தெரிஞ்சுக்கிட்டா அடுத்த தடவ நீங்களே கேள்வி கேக்கலாம். ஆட்டு ரத்தம் கலந்த பிளேட் ஒண்ணு இருக்கும், அதுல உங்க பாலை ஒரு லூப் அளவு தேய்ப்பாங்க, 0.01 மில்லி, அவ்வளவுதான். 37 டிகிரில வெச்சு 24 மணி நேரத்துலயும் 48 மணி நேரத்துலயும் எடுத்துப் பாப்பாங்க. மாட்டு மடில இருந்து வர்ற ஆரியஸ் நல்லா வளர்ந்தா உருண்டையா பளபளன்னு வெண்ணெய்க் கலர்லயோ பொன்னிறத்துலயோ புள்ளி வரும், அதச் சுத்தி ரத்தம் கரைஞ்சு தெளிவா ஒரு வளையம், அதுக்கு வெளிய மங்கலா இன்னொரு வளையம். இந்த ரெட்டை வளையம் இருந்தா பழக்கப்பட்டவங்க பிளேட்டப் பாத்ததுமே ஆரியஸ்னு சொல்லிருவாங்க. இல்லாட்டி ஆரியஸ் இல்லன்னு மட்டும் முடிவு பண்ணிரக் கூடாது, வளையமே போடாத ஆரியஸும் உண்டு, வெள்ளையா வர்ற ஆரியஸும் உண்டு.

அப்புறம் அந்தப் புள்ளில கொஞ்சம் எடுத்து கிராம் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா ஊதாக் கலர்ல திராட்சைக் கொத்து மாதிரி தெரியும், அது ஸ்டெபைலோ. அதுக்கடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 சதவீதம், ஒரு சொட்டு ஸ்லைடுல விட்டு அதுல கிருமியக் கலந்தா புசுபுசுன்னு நுரைக்கும். நுரைச்சா ஸ்டெபைலோ, நுரைக்கலன்னா ஸ்ட்ரெப்டோங்கற வேற கிருமிக் குடும்பத்துப் பக்கம். ரத்த பிளேட்ல இருந்து எடுக்கும்போது ரத்தமும் கூட ஒட்டிக்கிட்டு வந்தா ரத்தமே நுரைக்கும், அவசரத்துல பண்ற எடத்துல இது நடக்கும். உங்க செவலை ரிப்போர்ட் இந்த எடத்தோட நின்னுருச்சு.

அடுத்ததுதான் முக்கியமான டெஸ்ட், கோயாகுலேஸ், அதாவது கிருமி பிளாஸ்மாவ உறைய வைக்குதான்னு பாக்கறது. நூறு வருஷத்துக்கு மேல பழசான முறைதான், ஆனா இன்னைக்கும் இதுக்கு மரியாதை இருக்கு. சின்ன கண்ணாடி டியூப்ல முயல் பிளாஸ்மா அரை மில்லி, அதுல கிருமியக் கலந்து 37 டிகிரில வைக்கணும். மணிக்கொரு தடவ டியூப மெதுவாச் சாய்ச்சுப் பாக்கணும், குலுக்கக் கூடாது. பிளாஸ்மா தண்ணியா ஓடுனா இன்னும் நெகட்டிவ், அப்படியே உறைஞ்சு சாய்ச்சாலும் நகராம நின்னா பாசிட்டிவ். நல்ல ஆரியஸ் 4 மணி நேரத்துக்குள்ள உறைய வெச்சுரும். இதுல ஒரு கூத்து இருக்கு, சில ஆரியஸ் வகை தான் உறைய வெச்சதத் தானே கரைச்சுவிட்டுரும், அதுக்குன்னு தனி என்சைம் வெச்சிருக்கு. சாயங்காலம் வெச்சுட்டுப் போயி மறுநாள் காலைல மட்டும் பாக்கறவங்களுக்கு அது தண்ணியாத்தான் தெரியும், நெகட்டிவ்னு எழுதிருவாங்க. அதனால 4 மணி நேரத்துல ஒரு தடவ, உறையலன்னா மறுநாள் 24 மணி நேரத்துல ஒரு தடவ, ரெண்டு தடவயும் பாக்கணும்.

கோயாகுலேஸ் பாசிட்டிவ்னா நூத்துக்கு நூறு ஆரியஸானா, அதுவும் இல்ல. ஹைக்கஸ்னு ஒண்ணு சில சமயம் மெதுவா உறைய வைக்கும், நாய்கிட்ட இருக்கற சூடிண்டர்மீடியஸும் உறைய வைக்கும். ஆனா கறவை மாட்டு மடில பாசிட்டிவ் வந்தா பெரும்பாலும் ஆரியஸ்தான், வைத்தியம் முடிவு பண்ண அது போதும். பேரு கரெக்டா வேணும்னா பிசிஆர்ல நக்னு ஒரு ஜீன் பாப்பாங்க, இல்ல மால்டி டாஃப்னு ஒரு மெஷின் இருக்கு, கிருமியோட புரதத்த வெச்சு கொஞ்ச நேரத்துல பேரையே சொல்லிரும், ஆனா எல்லா ஊர்லயும் கிடையாது, உங்களுக்கு இப்ப அது தேவையும் இல்ல. இன்னொண்ணு, உப்பு அதிகமாப் போட்ட மேனிட்டால் பிளேட்ல மஞ்சளா மாறுச்சு அதனால ஆரியஸ்னு சில எடத்துல குடுக்கறாங்க, அத நம்பாதீங்க, மஞ்சளாக்கற மத்த ஸ்டெபைலோவும் இருக்கு.

இப்ப நீங்க எடுத்த பாலுக்கு வர்றேன், கோவிச்சுக்காதீங்க. இங்கதான் பாதி பேருக்கு ரிப்போர்ட் கெட்டுப் போகுது. நாலு காம்பையும் ஒண்ணாப் பிடிச்சா எந்தக் காம்புக் கிருமின்னு தெரியாது. வாட்டர் பாட்டில் எவ்வளவு கழுவுனாலும் லேப் கணக்குக்கு சுத்தம் கிடையாது. எல்லாத்துக்கும் மேல, டியூப் ஏத்தி மூணாவது நாள் எடுத்த பால்ல மருந்து இருக்கும், கிருமி உயிரோட இருந்தாலும் பிளேட்ல வளர விடாது. அப்படியும் அதுல வளர்ந்திருக்கு பாருங்க, அது செவலையோட மடில இருந்து வந்ததா, காம்புத் தோல்ல இருந்து வந்ததா, உங்க வீட்டுக்காரர் கைல இருந்து வந்ததா? நம்ம மூக்குலயும் கைலயும்கூட ஸ்டெபைலோ இருக்கே. காம்புத் தோல் ஸ்டெபைலோவும் மடிநோய் ஸ்டெபைலோவும் பிளேட்ல ஒண்ணு மாதிரித்தான் வரும்.

மறுபடி எடுங்க. கடைசி மருந்து போட்டு ரெண்டு வாரமாவது போகட்டும், நடுவுல திரிஞ்சு வந்துருச்சுன்னா அடுத்த டியூப் ஏத்தறதுக்கு முன்னாடியே எடுத்துருங்க. லேப்ல கேட்டா ஸ்டெரைல் டியூப் குடுப்பாங்க, அரசு ஆஸ்பத்திரிலயும் கேட்டுப் பாருங்க. கறக்கற நேரத்துக்கு முன்னாடி, மடி ஈரமா இருக்கக் கூடாது, அழுக்கா இருந்தா கழுவித் துணியால நல்லா ஒத்தி எடுத்துருங்க, சொட்டச் சொட்ட இருந்தா அந்தத் தண்ணி வழிஞ்சு டியூபுக்குள்ள விழும். உங்க கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கங்க. மொதல் ரெண்டு மூணு பீச்சு வெளிய விட்டுருங்க. அப்புறம் பஞ்சுல 70 சதவீத ஸ்பிரிட் நனைச்சு காம்போட நுனி ஓட்டைய நல்லா அழுத்தித் தேய்க்கணும், பஞ்சுல அழுக்கு ஒட்டாத வரைக்கும், ஒவ்வொரு காம்புக்கும் புதுப் பஞ்சு. நாலு காம்பும் எடுக்கறதா இருந்தா அந்தப் பக்கக் காம்ப மொதல்ல துடைச்சுட்டு அப்புறம் உங்க பக்கக் காம்பு, பால் எடுக்கறப்ப தலைகீழா, உங்க பக்கம் மொதல்ல, அந்தப் பக்கம் கடைசில. இல்லன்னா எட்டிப் பிடிக்கறப்ப துடைச்ச காம்புல உங்க கை உரசிரும். ஸ்பிரிட் காயணும். டியூப நேரா நிமித்திப் பிடிக்காதீங்க, படுத்தாப்புல சாய்ச்சுப் பிடிங்க, மேல இருந்து முடியோ சாணித் துகளோ உள்ள விழாது. மூடிய கீழ வைக்காதீங்க, சுண்டு விரல்ல மடக்கிப் பிடிச்சுக்கலாம், உள்பக்கம் கை படக் கூடாது. 3 மில்லி, 5 மில்லி போதும், ரொப்ப வேண்டாம். மாடு, காம்பு, தேதி எழுதி ஒட்டுங்க, ஐஸ் போட்ட டப்பால அன்னைக்கே குடுத்துருங்க. அன்னைக்கு முடியலன்னா ஃப்ரீசர்ல வைங்க, ஆரியஸ் தேடறதுக்கு ஃப்ரீசர் கெடுதல் பண்ணாது, செல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கறது உடைஞ்சு வெளிய வர்றதால சில சமயம் நல்லாவே கிடைக்கும். ஈ.கோலைதான் ஃப்ரீசர்ல வெச்சா குறைஞ்சுபோகலாம்.

ஒளிஞ்சிருக்கும்னு சொன்னேன் பாருங்க, அதுதான் ஆரியஸோட பொல்லாத்தனம். அது மடிச் சதைக்குள்ள சின்னச் சின்ன சீழ்க்கட்டியா போயி உக்காந்துக்கும், அதச் சுத்தி மடி கல்லாட்டம் இறுகிப்போகும், மருந்து அங்க சரியாப் போய்ச் சேராது. கிருமியத் தின்ன வர்ற வெள்ளணுவுக்குள்ளயே உயிரோட இருந்துக்கும். பால்ல வர்ற கிருமி எண்ணிக்கையும் ஒரு நாள் ஏறும் ஒரு நாள் இறங்கும். லேப்ல 0.01 மில்லிதான் தேய்க்கறாங்கன்னு சொன்னேனா, அந்தக் கணக்குப்படி பிளேட்ல ஒரு புள்ளி வரணும்னாலே ஒரு மில்லி பால்ல 100 கிருமி இருக்கணும். குறைவா விடற நாள்ல எடுத்தீங்கன்னா "கிருமி இல்லை"ன்னு வரும், நீங்களும் சந்தோஷமா விட்டுருவீங்க. அதனால ஒரு தடவ நெகட்டிவ் வந்தா நம்பாதீங்க, சில நாள் விட்டு மறுபடி ஒரு தடவ எடுங்க. ஒரே பால்ல மூணு நாலு விதமான கிருமி வளர்ந்தா அது அழுக்கு சாம்பிள், திரும்ப எடுக்கணும்.

கொண்டுபோற எடம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரில மைக்ரோபயாலஜி துறை இருக்கு, இல்லன்னா உங்க மாவட்ட கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுல விசாரிங்க, உங்க ஊர் டாக்டர் மூலமாப் போனா சுலபம். "கோயாகுலேஸ் பாத்துக் குடுங்க"ன்னு வாயத் திறந்து சொல்லிருங்க. கூட "செஃபாக்சிட்டின் டிஸ்க்கும் வைங்க"ன்னு சொல்லுங்க, அது மருந்து நனைச்ச சின்ன வட்டக் காகிதம், கிருமி அந்த மருந்துக்கு அடங்குதான்னு பிளேட்ல வெச்சுப் பாக்கறது.

அந்த எஸ், ஆர் லிஸ்ட் பத்தி. எஸ்னா மருந்துக்கு அடங்கும், ஆர்னா அடங்காது, அது பிளேட்ல. மடிக்குள்ள இறுகிப்போன சதைல இருக்கற கிருமிக்கு அது அப்படியே பலிக்கும்னு நினைக்காதீங்க, எஸ் போட்டும் கேக்காம போறது இதனாலதான். ஆனா ஆர்னு இருந்தா அத வாங்கவே வேண்டாம், அந்தளவுக்கு உபயோகம். பென்சிலினுக்கு எஸ்னு இருந்தா நல்ல சேதி, பென்சிலினுக்கு அடங்கற ஆரியஸ் மத்ததவிடக் கொஞ்சம் சுலபமா குணமாகுது. செஃபாக்சிட்டின் ஆர்னு வந்தா மெதிசிலினுக்கு அடங்காத வகை, பென்சிலின், செஃப்ட்ரையாக்சோன் வகையறா எதுவும் போட்டுப் பிரயோஜனம் இல்ல. ஆரியஸ்ல மட்டும் இல்ல, காரிக்கு வந்திருக்கற மாதிரி சாதா ஸ்டெபைலோலயும் இந்த எதிர்ப்பு இருக்கலாம். கடைக்காரர் குடுக்கற "பவரான" ஊசியெல்லாம் லிஸ்ட் பாக்காம போட்டா காசும் போச்சு, அடுத்த தடவ வேலை செய்யற மருந்தும் போச்சு.

சரி, ஆரியஸ்னே வந்துருச்சுன்னு வெச்சுக்குவோம். செவலை மூணாவது ஈத்துதான், ஒரே காம்புதான், அது உங்களுக்கு சாதகம். மூணு மாசமா இழுக்குதே, அது பாதகம். காம்புக்கு மேல மடிய, கறந்து முடிச்சதும் வெறும் மடியா இருக்கறப்ப, ரெண்டு கையாலயும் அமுக்கிப் பாருங்க, வலது பக்கத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. மெத்துன்னு இருந்தா வைத்தியம் பண்ணிப் பாக்கலாம், உள்ள கட்டிகட்டியா இறுகியிருந்தா கறவைல குணமாகற வாய்ப்பு குறைவு. வைத்தியம்னா மூணு டியூப் ஏத்திட்டு திரி நின்னதும் விடறது இல்ல. நீங்க இத்தன நாள் பண்ணுனது அதுதான், திரி நிக்கும், கிருமி உள்ளயே இருக்கும். 5 நாளுக்குக் குறையாம, லிஸ்ட்ல எஸ் இருக்கற மருந்த, உங்க டாக்டர் சொல்ற கணக்குல போடணும். சினையா இருந்தா இன்னொரு வழி இருக்கு, கன்னு போட 60 நாள் முன்னாடி பால் வத்த வைப்பீங்கல்ல, அப்ப வத்தின மடிக்குன்னே இருக்கற டியூப் ஏத்துனா கறவைல போடறதவிட நல்லாக் கேக்கும். எனக்கு இதுதான் பிடிச்ச வழி, பாலும் வீணாகாது. அதுக்கும் கேக்கலன்னா அந்த ஒரு காம்ப மட்டும் நிரந்தரமா வத்த விட்டுட்டு மூணு காம்புல கறக்கற மாடு எத்தனையோ இருக்கு. ரெண்டாவது காம்புக்கும் பரவுனா அப்ப கழிக்கறதப் பத்திப் பேசலாம். கழிக்கறதுன்னா, மடி விஷயத்த மறைச்சு கறவை மாடுன்னு இன்னொருத்தர் கட்டுத்தரைக்கு அனுப்பறது இல்லைங்க்கா, அங்க இருக்கற மாட்டுக்கெல்லாம் போகும்.

வைத்தியத்த விட முக்கியம் மத்த ஆறு மாட்டுக்கும் போகாம பாத்துக்கறது. ஆரியஸ் இருக்கறது செவலையோட மடிலதான், அங்க இருந்து போறது கறக்கற கை, துடைக்கற துணி வழியா. இன்னைல இருந்தே செவலைய கடைசில கற‌ங்க, காரிய அதுக்கு முன்னாடி. ஒரே துணில எல்லா மடியும் துடைக்கறத நிறுத்துங்க. மொதப் பீச்ச தரைல அடிக்காதீங்க, ஒரு கிண்ணத்துல பிடிச்சுப் பாத்துட்டு தூரக் கொண்டுபோய்க் கொட்டுங்க. கறந்து முடிச்சதும் அயோடின் மருந்துல காம்ப முக்கி எடுங்க, உடனே தீனி போட்டுருங்க, அரை மணி நேரம் நின்னு தின்னட்டும், காம்பு ஓட்டை மூடறதுக்குள்ள சாணில படுத்துறக் கூடாது. உங்க வீட்ல கட்டைவிரல மடக்கி வெச்சு கறக்கற பழக்கம் இருந்தா மாத்தச் சொல்லுங்க, அதுல காம்பு உள்ள காயமாகுது, கிருமிக்கு வசதி.

காரிக்கு இப்ப ஒண்ணும் அவசரம் இல்ல. தலையீத்துல இந்த கோயாகுலேஸ் நெகட்டிவ் வகை, அதுலயும் குரோமோஜீன்ஸ், நிறையப் பாக்கறோம், கன்னு போட்ட கொஞ்ச வாரத்துல தானாவே போறதும் உண்டு. பால் கெட்டுத் திரியல, வீக்கம் இல்லைன்னா காம்பு முக்கறத மட்டும் விடாம பண்ணிட்டு கவனிச்சுட்டு இருங்க. உப்பு கரிக்கறது மடி வீங்கும்போது ரத்தத்துல இருக்கற உப்பு பால்ல இறங்கறதால, அது எந்தக் கிருமிக்கும் வரும். வீட்லயே பாக்க ஒரு வழி சொல்றேன், 100 மில்லி தண்ணிக்கு 3 கிராம் துணி துவைக்கற சர்ஃப் பவுடர் கரைச்சு வெச்சுக்கங்க, நாலு கிண்ணத்துல நாலு காம்புப் பால் தனித்தனியா, அதே அளவு சர்ஃப் தண்ணி விட்டு மெதுவாச் சுத்துங்க. கெட்டியாகி வழவழன்னு திரண்டா அந்தக் காம்புல பிரச்சினை. சர்ஃப் வெள்ளணுவ உடைக்குது, உள்ள இருக்கற டிஎன்ஏ கெட்டியாகுது, 1957ல கலிபோர்னியால சால்ம், நூர்லாண்டர்னு ரெண்டு பேர் கொண்டுவந்த சிஎம்டி, அதாவது கலிபோர்னியா மடிநோய் டெஸ்ட்டும் இதே தத்துவம்தான். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 7 மாட்டுக்கும் பாருங்க. கன்னு போட்ட மொத சில நாள் சீம்பால்ல நல்ல மடியும் கெட்டியாத்தான் காட்டும், அப்பப் பாத்துட்டு பயப்படாதீங்க. இதுல கிருமி பேரு தெரியாது, எந்தக் காம்புப் பாலை லேப்புக்கு எடுக்கணும்னு தெரியும், அவ்வளவுதான்.

சோத்துக்கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைச்சுப் பூசறதையும் அடுத்து கேப்பீங்க, எல்லாரும் கேக்கறாங்க. வீக்கம் இருக்கறப்ப தாராளமாப் பூசுங்க, கறக்கறதுக்கு முன்னாடி நல்லாக் கழுவிருங்க. ஆனா செவலைக்கு உள்ள இறுகிப்போன கட்டிக்கு அத மட்டும் நம்பி மாசத்த ஓட்டாதீங்க.

பால் குடிக்கறது. திரி வர்ற காம்புப் பாலை யாருக்கும் வேண்டாம், கன்னுக்குட்டிக்கும் வேண்டாம். மருந்து போட்ட மாட்டுப் பாலை டியூப் அட்டைல போட்டிருக்கற நாள் வரைக்கும் சொசைட்டிக்கும் ஊத்தாதீங்க, அந்த ஒரு காம்புல ஏத்துனாலும் நாலு காம்புப் பாலும் சேத்தி. மத்த மாட்டுப் பாலை காய்ச்சிக் குடிங்க. ஆரியஸ் கொதிக்க வெச்சா செத்துரும், ஆனா கறந்த பாலை வெயில்ல மணிக்கணக்கா வெச்சிருந்தா அது ஒரு விஷத்த விட்டுவெச்சிரும், அந்த விஷம் கொதிச்சாலும் போகாது, ரெண்டு மூணு மணி நேரத்துல வாந்தி எடுக்கறது அதனாலதான். கறந்ததும் ஆற விடாம காய்ச்சிருங்க, இல்ல ஃப்ரிட்ஜ்ல வெச்சிருங்க.

ஒண்ணு மட்டும் அவசரம், செவலைக்கு திடீர்னு மடி ஜில்லுன்னு ஆகி நீலமாவோ கருப்பாவோ மாறுனா, தீனி விட்டுட்டா, ரிப்போர்ட்டுக்கெல்லாம் காத்திருக்காதீங்க, ஆரியஸ் சில சமயம் மடிய அழுக விட்டுரும், உடனே டாக்டர வரச் சொல்லுங்க, ராத்திரியா இருந்தாலும். இல்லைன்னா சாம்பிள் குடுத்து கோயாகுலேஸ் ரிசல்ட் வந்ததும் மறுபடி எழுதுங்க, செவலை சினையா, எத்தன மாசம்னும் சேத்து எழுதுங்க, டியூப் இப்பவா வத்தும்போதான்னு அத வெச்சுத்தான் சொல்ல முடியும்.